வீடியோ எடிட்டிங்: கணினியில் முதலில் எதை மாற்றுவது?

நிக்காஹ் வீடியோ, ஜும்ஆ பயான், கடை விளம்பரம் என்று எடிட் செய்து கொடுத்து நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் கணினி திணறும். "புதுசு வாங்கித் தாங்க அத்தா" என்பார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் நமக்குத் தெரிந்த வீடுகளிலும் இதே பேச்சுதான். வட்டியோடு தவணை போட்டுப் புதுக் கணினி எடுக்கும் முன், இருப்பதில் எது தடை என்று பார்த்துவிடுவது நல்லது.

நாமே ஒருமுறை ஏமாந்தோம். பயான் வீடியோ விட்டுவிட்டு ஓடியது. கடைக்காரர் சொன்னதை நம்பி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டோம். அப்படியும் திணறியது. இருந்தது 8 ஜிபி ராம். அது நிரம்பி வழிந்ததுதான் காரணம்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எடிட்டிங் ஓடும்போதே அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் போதவில்லை. டிஸ்க் 100லேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. சிபியு 100 என்றால் வேறு கதை. அதற்குக் கீழே வருகிறோம்.

ராம், ஹெச்டி வீடியோவுக்கு 16 ஜிபி, 4கே என்றால் 32 ஜிபி இருப்பது நிம்மதி. ஒரே 16க்குப் பதில் இரண்டு 8 போட்டால் வேகம் கூடும். டிடிஆர்4 பலகையில் டிடிஆர்5 பொருந்தாது. சில லேப்டாப்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் கூட்ட வழியே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ஐபோனில் 4கே, 30 பிரேமில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பிதான். வினாடிக்கு 3 எம்பி கூட ஆகாது. பழைய டிஸ்க்கே அதைத் தாங்கும். விண்டோஸ், மென்பொருள், அதன் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் அதே டிஸ்க்கில் மோதுவதுதான் சிக்கல். இவற்றை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். பழைய டிஸ்க்கை முடிந்த வேலைகளைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

இனி சிபியு. இன்றைய போன்கள் பல ஹெச்.265 என்ற முறையில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறிதாகும், ஆனால் அதை விரித்துக் காட்ட அதிக உழைப்பு வேண்டும். இன்டெலில் 7ஆம் தலைமுறை முதல், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைச் செய்துவிடும். பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கும் பிராசசரில் அந்தப் பகுதி கிடையாது. பத்து ரூபாய் மிச்சம் என்று எடிட்டிங்குக்கு அதை வாங்காதீர்கள். கல்யாண வீடியோ எடுக்கும் கேமராக்களில் 10 பிட், 4:2:2 என்று ஒரு அமைப்பு உண்டு. ஹெச்.265இல் அப்படிப் பதிவானதை என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசைக்கு முந்தியவை விரிக்காது. 11ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் விரிக்கும். விலை அதிகமான கார்டு போட்டும் வீடியோ நின்று நின்று ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

இதற்குச் செலவே இல்லாத வழியும் உண்டு. அதன் பெயர் பிராக்ஸி. வீடியோவின் சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்தே வெளியிடுவது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர், இலவசமான கேடென்லைவ் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. முதலில் இதைச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது நம் கருத்து.

அப்படியும் போதாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிறு பெரும்பாலும் கடை இருக்காது. மதர்போர்டின் மாடல் எண்ணையும் பவர் சப்ளையின் வாட் அளவையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பில்லில் பொருளின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்டு அலைவது வீண்.

ஒன்றை மாற்றியதும் வீட்டுக்கு வந்து அதே வீடியோவை ஓட்டி, டாஸ்க் மேனேஜரை மறுபடி பாருங்கள். அடுத்த பொருளுக்குப் பணம் எடுப்பது அதற்குப் பிறகு.