வேடமும் மரியாதையும்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

கணித வரலாற்றில் புகழ்பெற்ற சண்டை ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கணித வல்லுநர்கள் பொதுமேடையில் ஒருவருக்கொருவர் கணக்குகளை விடுத்துப் போட்டியிடுவது வழக்கம். வென்றவருக்குப் புகழும் பதவியும் கிடைக்கும். ஆகவே புதிய முறையைக் கண்டுபிடித்தவர் அதை வெளியே சொல்வதில்லை. முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழியை அறிந்திருந்த தார்த்தாலியா, 1539-இல் அதைக் கார்டானோ என்பவரிடம் இரகசியமாகச் சொன்னார். 1545-இல் கார்டானோ தம் நூலில் அதை வெளியிட்டுவிட்டார். தார்த்தாலியாவின் பெயரைக் குறிப்பிட்டே வெளியிட்டார் என்றாலும் பகை மூண்டது.

கண்டதை மறைத்தால் அறிவு வளராது. வெளியிட்டால் கண்டவருக்கு என்ன பயன்? இந்த முடிச்சை அவிழ்க்க விஞ்ஞான உலகம் கண்ட வழி எளியது. 1665-இல் லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் ஓர் இதழைத் தொடங்கினார். கண்டதை எல்லோருக்கும் சொல்லிவிடு, அதற்குக் கூலியாக உன் பெயர் அதனோடு நிற்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம்.

இதே சிக்கல் ஊசியும் நூலும் பசையும் கொண்டு வேலை செய்யும் ஒரு கூட்டத்தாரிடையிலும் எழுந்தது. விஞ்ஞானக் கதை, படக்கதை ரசிகர்களின் மாநாடுகளுக்குத் தாமே தயாரித்த வேடங்களை அணிந்து செல்வோரைத்தான் சொல்கிறேன். இது வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமோ பல்கலைக்கழகமோ துணை நிற்காமல், தொழில் நுணுக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு ஒன்றை இவர்கள் தாமாகவே உருவாக்கியிருக்கிறார்கள்.

முதல் தையற்காரி

கதையில் வரும் உலகத்தை உடையில் கொண்டுவரும் ஆசை பழையது. பூமிக்கடியில் வாழும் ஓர் இனத்தைப் பற்றி புல்வர் லிட்டன் 1871-இல் எழுதிய நாவலைத் தழுவி, 1891-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்ட வேடச் சந்தை நடத்தப்பட்டது. ஆனால் ரசிகர் மாநாட்டு வேடத்தின் தொடக்கத்தை 1939 என்று கொள்வதே வழக்கம்.

அந்த ஆண்டு ஜூலையில் முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு நியூயார்க்கில் கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அவர்களில் இருவர் மட்டும் எதிர்காலத்து மனிதர்களைப் போல உடுத்தி வந்தார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். மற்றவர் மைர்ட்டில் டக்ளஸ். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள். எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் ஈடுபாடு கொண்டவர்கள். டக்ளஸின் புனைபெயரான மோரோயோ என்பதே, அவருடைய பெயரின் முதலெழுத்துகளை எஸ்பெராண்டோவில் உச்சரிப்பதால் வந்ததுதான். ஃபிராங்க் பால் வரைந்த இதழ் ஓவியங்களையும் 1936-இல் வெளியான ஒரு திரைப்படத்தையும் பார்த்து அவ்வுடைகளை அமைத்தார்கள்.

அவற்றைத் தைத்தது யார்? இருவரின் உடைகளையும் தைத்தவர் டக்ளஸ்தான். ஆனால் நெடுங்காலம் ‘முதலில் வேடமிட்டவர்’ என்ற புகழ் ஆக்கர்மனையே சேர்ந்தது. 2008 வரை வாழ்ந்த அவர் மேடைதோறும் அறியப்பட்டவர். டக்ளஸ் 1964-லேயே மறைந்துவிட்டார்.

மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் வேடப் போட்டியே நடந்தது. கதையில் வரும் கொடுங்கோலன் மிங் வேடத்தில் வந்த டேவிட் கைல் முதற்பரிசு பெற்றார். அந்த உடையை உருவாக்கியவர் லெஸ்லி பெர்ரி என்ற பெண்மணி. அணிந்தவர் ஒருவர், ஆக்கியவர் மற்றொருவர் என்ற இந்த நிலைமைதான் பின்னால் எழுந்த ஒழுங்குமுறைகளுக்கெல்லாம் வித்து என்பது என் கருத்து.

கடலை வெண்ணெய் கற்பித்த பாடம்

விதிகள் பல, யாரோ பட்ட அனுபவத்திலிருந்து பிறப்பவை. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த உலக மாநாட்டுக்கு ஓர் இளம் ஓவியர் உடலெங்கும் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு வந்தார். அது மெத்தை நாற்காலிகளில் ஒட்டியது; பிறருடைய உடைகளில் அப்பியது; விளக்கு வெப்பத்தில் சிக்கெடுத்து நாறவும் தொடங்கியது.

ஏன் என்று நீங்களே சொல்லிவிடலாம். அக்காலத்து இழை விளக்குகள் மின்னாற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக்குவதில்லை, எஞ்சியது வெப்பம். வெப்பம் கூடினால் எண்ணெய் இளகி வழியும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு விரைந்து கூடிக் கெட்டுப்போகும். பல மாதம் உழைத்துத் தைத்த பட்டாடையில் எண்ணெய்க் கறை பட்டால் தைத்தவரின் மனம் என்ன பாடுபடும்? அதன்பின் ‘கடலை வெண்ணெய் கூடாது’ என்பது மாநாடுகளில் விதியாயிற்று. உன் வேடம் மற்றவர் வேடத்தைக் கெடுக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

தேர்வும் வகுப்பும்

கைதேர்ந்தவர்களே ஒவ்வோர் ஆண்டும் பரிசைத் தட்டிச் சென்றால் புதியவர் எப்படித் துணிந்து வருவார்? 1980-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். போட்டியாளர்களைப் புதியவர், பயின்றவர், வல்லுநர் எனப் பிரித்தார்கள். புதியவர் விரும்பினால் மேல்பிரிவில் போட்டியிடலாம். வல்லுநர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவர இயலாது. வேலைத்திறனுக்கெனத் தனிப் பரிசும் உண்டு. நடுவர்கள் மேடைக்குப் பின்னால் உடையைப் புரட்டி உட்தையலைக் கூடப் பார்ப்பார்கள். எதை எப்படிச் செய்தோம் என்பதைப் போட்டியாளர் எழுதியும் தரலாம். நம் கல்லூரி மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடு நினைவுக்கு வருகிறதல்லவா? அறிவிக்கும்போது அணிந்தவர் பெயரோடு ஆக்கியவர் பெயரையும் சொல்வது மரபாயிற்று. டக்ளஸுக்கும் பெர்ரிக்கும் அன்று கிடைக்காதது இது.

1983-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், வேடக் கலைக்கென்றே முதல் மாநாடு கூடியது. 1985-இல் இக்கலைஞர்களின் சங்கம் ஒன்றும் தோன்றிப் பின்னர் உலக அளவில் விரிந்தது. துணி வெட்டும் அளவுப்படம் வரைவது, பிளாஸ்டிக்கை வளைப்பது, சிறு விளக்குகளுக்கு மின்சுற்று அமைப்பது என்று அனுபவசாலிகள் இத்தகைய கூட்டங்களில் பாடம் நடத்துகிறார்கள். போட்டி மேடையின் பின்னால் ஊசி, நூல், ஊக்கு, பசையுடன் ஒரு மேசை இருக்கும். தையல் விட்டுப்போனால் அங்கிருப்பவர் உடனே சரிசெய்து கொடுப்பார். அந்த நேரத்தில் யார் எதிராளி என்று பார்ப்பதில்லை.

காற்றே சம்மட்டி

இவர்கள் பகிர்ந்துகொள்ளும் நுணுக்கங்களில் நம் பாடப்புத்தகப் பௌதிகம் நிறைய இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கவசத்தைச் செய்ய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக வைத்து, அச்சின்மேல் போர்த்தி, அடியிலுள்ள காற்றை உறிஞ்சிவிடுவார்கள். மேலிருக்கும் காற்று தகட்டை அச்சோடு அழுத்திவிடும். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை. ஓர் அடிச் சதுரத் தகட்டின் பரப்பு 929 சதுர சென்டிமீட்டர். அடியில் முழு வெற்றிடம் இருந்தால் 900 கிலோவுக்கும் மேற்பட்ட சுமை அதன்மேல் ஏறியதுபோலாகும்! தூசு உறிஞ்சும் வீட்டுக் கருவியைக் கொண்டே, ஓரளவு குறைந்த அழுத்தத்தில் இதைச் செய்துகொள்ள ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள்.

எச்சரிக்கையும் பாடத்தில் ஒரு பகுதி. பிசின் வார்க்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது முகமூடி வேண்டும். லித்தியம் மின்கலத்தின் முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இவற்றைத் தெரிந்தும் சொல்லாமல் விடுவது இவர்களிடையே பெருங்குற்றம்.

நகலின் நகல்

எல்லாவற்றையும் பகிரலாம் என்றால் எதைத்தான் செய்யக்கூடாது? ஒருவர் ஆறு மாதம் களிமண்ணில் செதுக்கி வார்த்த தலைக்கவசத்தை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து, நகல் வார்த்து, உங்கள் சரக்கென விற்கிறீர்கள். இதை இக்கலைஞர்கள் மன்னிப்பதில்லை. செய்முறையைக் கேட்டால் சொல்லித் தருவார்கள். உழைப்பைத் திருடினால் ஒதுக்கிவிடுவார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? இங்கும் பௌதிகம் சாட்சி சொல்கிறது. பிசின் இறுகும்போது சிறிது சுருங்கும். ஆகவே நகலின் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். நுண்ணிய கோடுகள் மழுங்கியிருக்கும். மூலத்தில் தற்செயலாக விழுந்த கீறலும் குமிழும் மட்டும் அதே இடத்தில் இருக்கும். வாய் பொய் சொன்னாலும் பொருள் பொய் சொல்லாது.

சட்டம் இதில் எப்போதும் துணை வருவதில்லை. அந்த வெள்ளைச் சிப்பாய்களின் தலைக்கவசங்களை 1976-இல் இங்கிலாந்தில் செய்து கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். 2004 முதல் அவரே அவற்றை விற்கத் தொடங்க, படநிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2011 ஜூலையில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம், அந்தத் தலைக்கவசம் சட்டப்படி ‘சிற்பம்’ ஆகாது என்றும், ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமைப் பாதுகாப்பு அதற்கு இங்கிலாந்தில் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் பதிப்புரிமை மீறலை மட்டும் இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்றது. பெரிய நிறுவனத்துக்கே சட்டம் இப்படி வழுக்குமானால், வீட்டுக் கொல்லையில் வார்க்கும் ஒருவருக்கு எங்கே பாதுகாப்பு? அவருக்குக் காவல் சக கலைஞர்களின் நாணயம் ஒன்றுதான்.

உடைக்குள் ஒரு மனிதர்

ஜப்பானில் 1975 டிசம்பரில் தொடங்கிய காமிக் மார்க்கெட் சந்தையிலும் இக்கலை வளர்ந்தது. ‘காஸ்ப்ளே’ என்ற சொல்லே அந்நாட்டுப் பத்திரிகை ஒன்றில் 1983-இல் நொபுயுகி தகாஹாஷி வழங்கியது. வீட்டிலிருந்தே வேடத்தில் வராதே, அரங்கத்து அறையில் மாற்றிக்கொள் என்பது அங்கே விதி. வழியில் போகும் பொதுமக்களுக்குத் தொந்தரவு கூடாது அல்லவா?

வேடமிட்டவரிடமும் பிறர் மரியாதை காட்ட வேண்டும். கேட்காமல் படம் எடுக்காதே, கேட்காமல் தொடாதே என்பவை பழைய மரபுகள். ஆயினும் பெண்களுக்குத் தொல்லை ஓயவில்லை. 2014-இல் நியூயார்க் மாநாட்டில், வேடம் அணிவது சம்மதம் ஆகாது என்ற பொருள்பட அறிவிப்புப் பலகைகளே வைத்தார்கள். எழுதாமல் விட்ட மரபு சில வேளை வலுவற்றது. எழுதி வைத்துக் கேட்க ஆள் நிறுத்தவும் வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இத்தகைய விழா 2011-இல் தில்லியில் தொடங்கியது. 2024-இல் சென்னைக்கும் வந்தது. அங்கே அட்டையும் பசையும் கொண்டு கவசம் செய்துவரும் மாணவனை நீங்கள் பார்க்கலாம். அவனிடம் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். எப்படிச் செய்தாய், யாரிடம் கற்றாய் என்றும் கேளுங்கள். கற்பித்தவர் பெயரை அவன் தயங்காமல் சொன்னால், தார்த்தாலியா காலத்துச் சண்டையிலிருந்து மனிதர்கள் கற்ற பாடம் அவனிடமும் வந்து சேர்ந்திருக்கிறது என்று மகிழலாம்.