ஊட்டியை வரைந்த மைசூர் ஓவியர்: யார் இந்த வெங்கடப்பா?

ஊட்டி என்றதும் ரோஜா பூங்காவும் படகு இல்லமும்தான் ஞாபகம் வரும். இந்தக் கூட்டமெல்லாம் வருவதற்கு முன்பே, 1920-களில், ஊட்டியின் ஏரியையும் மலைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் கே.வெங்கடப்பா (1886-1965).

யார் இவர்?

மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். கொல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். நந்தலால் போஸ் இவருடைய சக மாணவர்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

அங்கே புராணக் காட்சிகளுக்குத்தான் மவுசு அதிகம். ஊட்டி படங்களிலோ சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. மேகம், பனி, நிலா என நேரத்துக்கு நேரம் மாறும் வெளிச்சம்தான் ஹீரோ. பாரிஸின் மோன்சோ பூங்காவை 1876, 1878-ல் வரைந்த மோனே பிடிக்க நினைத்ததும் இதே வெளிச்சத்தைத்தான். அவருடையது எண்ணெய் வண்ணம், இவருடையது மெல்லிய நீர்வண்ணம்.

படங்கள் எங்கே?

பெங்களூரு கப்பன் பூங்கா அருகே, இவர் பெயரிலேயே உள்ள அரசு ஆர்ட் கேலரியின் சேகரிப்பில். 2016-ல் அந்த கேலரியைத் தனியார் பங்களிப்புடன் மாற்றியமைக்கும் திட்டம் வந்தபோது, 'இது மக்கள் சொத்து' என்று ஓவியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

கட்டடங்கள் நெருக்கும் இன்றைய ஊட்டி, ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்களும் ஒரு சாட்சி.