கறுப்பு மை பூசிய கடிதங்கள்

இன்னைக்கு ரெண்டு கதை. வேற வேற நாடு, வேற வேற காலம். ஆனா ரெண்டையும் படிக்கும்போது எனக்கு ஒரே கேள்விதான் வந்தது: விட்டுப்போனது எது, ஏன் விட்டுப்போச்சு?

1956-ல் வார்னர் ஷாயி என்ற உளவியலாளர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 500 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். வயசாக வயசாக அறிவுத்திறன் எப்படி மாறுதுன்னு பார்க்கணும். 7 வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களுக்கு மறுபடி சோதனை. பிரச்சினை என்னன்னா, எல்லாரும் திரும்பி வரல. வராதவங்க யாருன்னு பார்த்தா, சராசரியா முதல் சோதனையிலேயே குறைவா மதிப்பெண் எடுத்தவங்க. வந்தவங்களை மட்டும் கூட்டி வகுத்தா, முதுமை உண்மையில இருக்கறதைவிட லேசாத் தெரியும். அதனால இந்தத் துறையில, காலியா கிடக்குற கட்டத்தைப் பார்த்தா 'இங்க ஒண்ணுமில்ல'ன்னு தாண்டிப் போக மாட்டாங்க. யார் போனது, எதனால போனதுன்னு கேட்பாங்க.

இந்தக் கேள்வியோட பிரிட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கே முதல் உலகப் போர் கவிதை என்றாலே வில்ஃப்ரெட் ஓவன்தான். சேறு, விஷவாயு, சாகிற பையன்கள். 1917-ல் போர் அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற எடின்பரோவில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். அங்கேதான் சீக்ஃப்ரீட் சசூனைச் சந்தித்தார். சசூன் ஏற்கெனவே பேர்பெற்ற கவிஞர், ஆண்களை நேசித்தவர். ஓவனின் கையெழுத்துப் பிரதிகளில் அவர் திருத்தம் போட்டார். ஆஸ்கர் வைல்டின் நண்பர் ராபர்ட் ராஸின் வட்டத்துக்குள் ஓவன் நுழைந்ததும் சசூன் மூலமாகத்தான். 1918 நவம்பர் 4 அன்று ஓவன் கொல்லப்பட்டார். வயது 25. தந்தி வீட்டுக்கு வந்தது 11-ஆம் தேதி, போர் நின்ற அன்று.

அப்புறம் அவருடைய எழுத்துகளை முக்கியமாகப் பார்த்துக்கொண்டவர் தம்பி ஹரால்ட். 1967-ல் ஜான் பெல்லோடு சேர்ந்து 600-க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதுக்கு முன்னாடி கத்தரிக்கோலும் கறுப்பு மையும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சில இடம் வெட்டினார், சில வரிகள் மேல மை பூசினார். ஒண்ணு கவனிங்க: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது கடந்த இரண்டு ஆண்கள் தனிமையில் உறவுகொள்வது குற்றமல்ல என்று சட்டம் மாறியதும் அதே 1967-தான். ஹரால்ட் வளர்ந்தது அது குற்றமா இருந்த காலத்துல. அவர் பயம் எனக்குப் புரியாம இல்ல. அப்படியும் 1917 நவம்பர் 5 அன்று சசூனுக்கு ஓவன் எழுதிய கடிதம் அந்தத் தொகுப்பில் இருக்கு. கவிஞர், தீர்க்கதரிசி, ராணுவ மேலதிகாரி எல்லாரையும் ஒரே ஆளாகக் கூட்டிப் பார்க்கிற கடிதம்.

1988-ல் செக்‌ஷன் 28 வந்தது. ஒருபால் உறவை உள்ளாட்சி அமைப்புகள் 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற சட்டம். இதன்கீழ் ஒருவர்மீதும் வழக்கு நடந்ததில்லை; பயமே போதுமா இருந்துச்சு. ஸ்காட்லாந்தில் 2000 வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரை அது இருந்தது. அந்த வருஷங்கள்லயும் வகுப்புல ஓவன் இருந்தார். சிப்பாய்களோட உடம்பைப் பத்தி அவர் ஏன் இவ்வளவு மென்மையா எழுதுறார்னு கேட்க நினைச்ச பையன், கேட்காமலேயே பெல் அடிச்சிருக்கும். இந்த வெற்றிடத்துக்குக் கத்தரிக்கோல்கூடத் தேவைப்படல.

இங்கே எனக்கே ஒரு தயக்கம் உண்டு. தான் செத்தா ஒரு மூட்டைத் தாள்களை எரிச்சிடும்படி ஓவனே அம்மாகிட்ட சொல்லியிருந்தார். சூசன் ஓவன் அப்படியே எரிச்சார். அது அவர் முடிவு. மை, தம்பியோட முடிவு. ஆய்விலயும், 'இனி கூப்பிடாதீங்க'ன்னு சொன்னவரையும், கூட்டிட்டுப் போக ஆளில்லாம நின்னுபோனவரையும் ஒரே கட்டத்துல போட முடியாதே. எரிச்ச மூட்டையில என்ன இருந்துச்சுன்னு நான் கற்பனை பண்ணப் போறதில்ல.

ஓவன் ஆண்களை நேசித்தவர் என்பதுதான் டொமினிக் ஹிபர்ட் 2002-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முடிவு. எனக்கும் அது சரின்னு படுது. 'கடிதங்கள்ல நேரடி ஆதாரம் எங்கே'ன்னு யாராவது கேட்டா, அந்தக் கடிதங்கள் முதல்ல யார் கையில இருந்துச்சுன்னு நான் திருப்பிக் கேட்பேன்.