துப்பாக்கிக் குழலில் ஒளிந்திருந்த உப்பு



என் முன்னாள் மாணவர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பணிபுரிகிறார். அங்குள்ள சுடுதல் கழகமொன்றில் உறுப்பினராகி, முறைப்படி உரிமம் பெற்று, குறிசுடும் போட்டிக்குரிய .22 கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதனை எவ்வாறு தூய்மை செய்வது என்று கழகத்தாரிடம் கேட்டாராம். "சுட்ட அன்றைக்கே குழலை வெந்நீரால் கழுவி எண்ணெய் பூசிவிடு" என்றாராம் ஒரு முதியவர். "குழலைத் தொடவே தொடாதே" என்றாராம் ஓர் இளைஞர். "ஐயா, இவர்களுள் யார் சொல்வதை நான் கேட்பது?" என்று எனக்கு மின்மடல் விடுத்திருந்தார்.

நம் நாட்டில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடுமையான சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நானும் கரும்பலகையோடு பழகியவனேயன்றித் துப்பாக்கியோடு பழகியவன் அல்லேன். ஆயினும், இவ்வினாவுக்கான விடை வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் எனக்கும் ஆர்வம் பிறந்தது. படித்தறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

வெந்நீர் வந்த வரலாறு

பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிகளில் பயன்பட்டது கருமருந்து. வெடியுப்பு 75 விழுக்காடு, கரி 15 விழுக்காடு, கந்தகம் 10 விழுக்காடு என்பது அதன் பொதுவான கலவை. இம்மருந்து எரியும்போது, அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வளியாக மாறுவதில்லை. ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். எஞ்சியது குழலின் உட்புறத்தில் கரியாகப் படியும். அப்படிவு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். ஆனால், அது நீரில் எளிதாகக் கரையும். வெந்நீரை ஊற்றினால் அழுக்கும் கரையும்; குழலும் சூடேறி விரைவில் உலரும். அதன்பின் எண்ணெய் பூசினால் போதும். வெந்நீர் வழக்கம் தோன்றிய காரணம் இதுவே.

19-ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. அடிபட்டவுடன் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு, 1807-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றார். இம்முறையே பின்னர் வளர்ந்து, தோட்டாவின் அடிப்பகுதியில் வைக்கப்படும் எரியூட்டி மருந்தாயிற்று. பொட்டாசியம் குளோரேட் அதில் முக்கியக் கூறாக இடம்பெற்றது. அடுத்ததாக, 1884-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார்.

எண்ணெய்க்கு அடங்காத துரு

புகையில்லா மருந்து குழலில் மிகக் குறைவான கரியையே விட்டுச் சென்றது. கழுவுவதற்கு அழுக்கே இல்லையே என்று எண்ணிப் பலர் வெந்நீரைக் கைவிட்டனர். துணியால் துடைத்து எண்ணெய் பூசி வைத்தனர். சில நாள் கழித்துப் பார்த்தால் குழலுக்குள் துரு! மீண்டும் தேய்த்து எண்ணெய் பூசினாலும் துரு திரும்பத் திரும்ப வந்தது. புதிய மருந்து விட்டுச்சென்ற அமிலமே காரணம் என்று பலரும் கருதினர். பிரித்தானியப் படையினரோ வெந்நீரை விடவில்லை. லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக் குழலில் வெந்நீர் ஊற்றுவதற்கென்றே தனிப் புனல் வைத்திருந்தனர்.

உண்மைக் காரணத்தை 1922-இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் வெளியிட்டார். குற்றவாளி வெடிமருந்து அன்று, எரியூட்டியே. அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. இது நம் சமையல் உப்பின் உறவுக்கார உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 84 விழுக்காட்டைத் தாண்டினால் இவ்வுப்பு நீர்த்து உப்புநீராகிவிடும். நம் ஊர்க் காலைப்பொழுதில் இத்தகைய ஈரப்பதம் புதிதன்று. இந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். உப்பின்மேல் எண்ணெய் பூசுவது, அழுக்கின்மேல் சுண்ணாம்பு அடிப்பது போன்றதே.

கருமருந்துக் காலத்திலும் இவ்வுப்பு குழலில் படிந்தது. அப்போது கரியோடு கரியாக வெந்நீரில் அதுவும் கழுவப்பட்டுவிட்டது. உப்பு இருப்பதை அறியாமலேயே வெந்நீர் அதனையும் போக்கி வந்தது. கரி குறைந்ததும் வெந்நீரை நிறுத்தினர், உப்பு தங்கிவிட்டது.

உப்பு போய் ஈயம் வந்தது

1920-களின் பிற்பகுதியில் செருமனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்தார் 'சினாக்சிட்' என்னும் பெயரில், ஈய ஸ்டிஃப்னேட் கலந்த எரியூட்டியைக் கொண்டுவந்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனமும் 'கிளீன்போர்' என்னும் பெயரில் அரிக்காத தோட்டாக்களை விற்கத் தொடங்கியது. உப்பின் தொல்லை தீர்ந்தது. அந்த முதியவர் சொன்ன வெந்நீர், அரிக்கும் எரியூட்டியைக் கண்ட தலைமுறையின் அறிவுரை. பழைய படைத்துறைத் தோட்டாக்களைச் சுடுவோருக்கு அஃது இன்றும் பொருந்தும். இக்காலத்து .22 தோட்டாவுக்கு அது தேவையில்லை.

அப்படியானால் இளைஞர் சொன்னதே சரியா? முழுவதும் சரியன்று. 1887-இல் தோன்றிய '.22 லாங் ரைஃபிள்' தோட்டாவின் குண்டு பெரும்பாலும் ஈயத்தாலானது. மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு உடையது. சுடச்சுட மெழுகும் கரியும் ஈயமும் தோட்டா அமரும் அறையின் வாயில் திரளும். நாளடைவில் தோட்டா சரியாக உள்ளே செல்லாது. போட்டியின் நடுவே துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்.

தூய்மையைப் புறக்கணித்ததன் விளைவைப் போர்க்களமும் கண்டது. வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கி மிகுதியும் தூய்மை தேவைப்படாத ஒன்றாக எண்ணப்பட்டது. போதிய துப்புரவுக் கருவிகள் வழங்கப்படவில்லை. வெடிமருந்து மாற்றமும், துருப்பிடிக்காதிருக்கக் குரோமியம் பூசப்படாத தோட்டா அறையும் சேர்ந்துகொண்டன. சண்டையின் நடுவே துப்பாக்கிகள் சிக்கி வீரர்கள் மாண்டனர். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்துக் கடுமையான அறிக்கை வெளியிட்டது.

மாணவருக்கு எழுதிய மறுமொழி

அவருக்கு நான் எழுதியவை இவைதாம்.

முதலில் தோட்டாப் பெட்டகத்தைக் கழற்றுக. பின்னர்த் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறை வெறுமையாக உள்ளதா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்க. தோட்டாக்கள் வேறோர் அறையில் இருக்கட்டும்.

தோட்டா அறையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவறாது துடைக்க வேண்டும். குழலை மென்மையாகத் துடைத்தால் போதும். இயன்றால் பின்புறத்திலிருந்தே துடைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் குழலின் முன்விளிம்பு. கம்பி உரசி அவ்விளிம்பு தேய்ந்தால் குறி பிசகும். எண்ணெய் சில துளிகளே போதும். கையேடு சொல்வதே இறுதி.

அடுத்தது, நான் பெரிதும் வலியுறுத்தியது. உப்புக்கு மாற்றாக வந்தது ஈயம். துணியிலும் விரலிலும் ஒட்டுவது அதுவே. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது; இந்த அளவு தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆகவே, உணவு மேசையில் வைத்துத் துடைக்கவே கூடாது. காற்றோட்டமான இடத்தில் துடைத்து, அழுக்குத் துணிகளைக் கட்டி அப்புறப்படுத்தி, சவர்க்காரமிட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

முதியவரும் இளைஞரும் சொல்லாமல் விட்டது இந்த ஈயத்தைத்தான். கழகத்தில் புதிதாகச் சேருவோருக்கும் இதனை எடுத்துச் சொல்லுமாறு மாணவரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.