தோடர் பூத்தையல்

நீலகிரி மலையில் எருமை வளர்த்து வாழும் தோடர் குலப் பெண்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் செய்யும் ஊசி வேலை. தோடர் மொழியில் இதற்குப் புகூர் என்று பெயர். ஆணும் பெண்ணும் தோளைச் சுற்றிப் போர்த்தும் பூத்துக்குளி என்ற தடித்த போர்வையில்தான் இவ்வேலை சிறப்பாக இடம்பெறும்.

இதன் தொன்மை பற்றி ஒருமித்த கருத்து இல்லை. 1603இல் மலையேறிய ஏசு சபைப் பாதிரியார் ஃபினிசியோ, தோடர் பெண்களுக்கு முகக்கண்ணாடிகளும் நூற்சிட்டங்களும் கொடுத்ததாகவும், அவர்கள் பெரிதும் மகிழ்ந்ததாகவும் எழுதியுள்ளார். பூத்தையல் அப்போதே இருந்தது என்று நாட்ட இக்குறிப்பு ஒன்றே போதாது. எனினும் தோடர் பற்றிய பழைய எழுத்துகளில் இதைவிட இனிய வரி வேறில்லை. அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குச் சான்று அரிது.

தோடரைப் பற்றிப் பேசும் நூல்களில் 1832இல் ஹார்க்னஸ், 1873இல் பிரீக்ஸ் ஆகியோர் எழுதியவை வெளிவந்தன. ஆனால் விரிவான பதிவு 1901-02இல் நீலகிரியில் தங்கி ஆய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலே. அன்று தோடர் தொகை ஆயிரத்துக்கும் கீழ். எருமைப் பாலைக் கையாளும் பால்மனைக் கோயிலுக்கு மரியாதை செய்யும்போது பூத்துக்குளியிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துவிடும் வழக்கத்தை அவர் குறித்துள்ளார். ஒருவர் இறந்தால் மண உறவினர் துணி அளிக்கும் சடங்கும் அந்நூலில் உண்டு. பூவேலை செய்த போர்வையிலேயே உடலைப் பொதிவார்கள். உறவுமுறைக்கும் பால்மனைச் சடங்குக்கும் பல அதிகாரங்களை ஒதுக்கிய ரிவர்ஸ், பெண்களின் ஊசிக்குச் சிறிதளவு இடமே தந்தார். அவருக்குப் பின் வந்தவர்களிலும் பலர் அந்த வழியிலேயே சென்றனர்.

வேலை நடக்கும் விதம் ஊன்றிக் காணத்தக்கது. துணியில் கோடோ அச்சோ இடுவதில்லை; சட்டமும் கிடையாது. பாவிழை, ஊடிழைகளை விரலால் எண்ணியே ஊசி நகரும். ஓர் இழை தவறினால் வரிசை முழுதும் கோணும். துணியின் பின்புறத்திலிருந்து தைத்து, நூலை ஒவ்வொரு திருப்பத்திலும் சற்றுத் தளரவிடுவார்கள். அது சிறு வளையமாக மேலெழும். சொரசொரப்பான அந்தப் பக்கத்தையே தோடர் விரும்புகின்றனர். தொலைவிலிருந்து பார்ப்பவர் தறியில் நெய்தது என்றே எண்ணுவர். எருமைக் கொம்பு, முயல் காது, சூரியன், பிறை ஆகியவை பழகிய உருக்கள்.

சுற்றுலா வளர்ந்தபின் சால்வை, பை, மேசைவிரிப்பு ஆகியவற்றிலும் இவ்வேலை செய்யப்படுகிறது. கம்பளி நூலும் புழக்கத்துக்கு வந்துள்ளது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மந்து எனப்படும் தோடர் ஊர்களில் இன்றும் பெண்கள் விழாவுக்கான பூத்துக்குளியைத் தைக்கின்றனர்.