0.3ஆ, 0.7ஆ? சரக்குத் தேவைக் கணிப்பு விரிதாளுக்கு வந்த வழி

சரக்கிருப்புக்கான தேவையை முன்கணிக்கும் முறைகளின் வரலாற்றை எழுதுவோர் பலரும் எவரெட் கார்ட்னர் வகுத்த தடத்திலேயே நடக்கிறார்கள். 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஃபோர்காஸ்டிங்' இதழில் 2006இல் அவர் எழுதிய மதிப்பாய்வு, எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் எனப்படும் அடுக்குக்குறிச் சீராக்கத்தின் பிறப்பை இரண்டாம் உலகப் போரில் வைக்கிறது. 1944இல் அமெரிக்கக் கடற்படைக்குப் பணியாற்றிய ராபர்ட் ஜி. பிரவுன், நீர்மூழ்கிக் கப்பலின் இருப்பிடத்தைப் பின்தொடரும் கணக்குமுறை ஒன்றை அமைத்தார். 1950களின் தொடக்கத்தில் அதையே மாதாமாதம் வரும் தேவை எண்களுக்கு ஏற்ப மாற்றினார். கடற்படையின் உதிரிபாகக் கிடங்குகளுக்கு அது பயன்பட்டது. 1959இல் நூலாகவும் வந்தது.

நிகழ்ச்சிகளின் வரிசையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரிசை வேறு, காரணம் வேறு. நீர்மூழ்கியைப் பின்தொடர உதவிய கணக்கு ஏன் கிடங்கில் வேரூன்றியது? நகரும் சராசரியைவிடக் குறைந்த எண்களைச் சேமித்தால் போதும் என்பதைக் காரணமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கார்ட்னரின் வரலாறு கடந்துவிடுகிறது. அவருடைய நோக்கம் முறைகளை வகைப்படுத்தி மதிப்பிடுவது. அந்த அளவில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவருடைய முன்னுரைப் பகுதியையே முழு வரலாறாகப் பிறர் எடுத்தாள்வதுதான் சிக்கல்.

கார்ட்னரின் அந்த ஒரு வரியை விரிப்பதே என் வாதம்: கிடங்கை வென்றது போர்க்களத்தின் மரபன்று, பதிவேட்டின் செலவு. பன்னிரண்டு மாத நகரும் சராசரிக்கு ஒவ்வொரு பொருளுக்கும் 12 எண்களை வைத்திருக்க வேண்டும். 10,000 பொருள்கள் உள்ள கிடங்கானால் 1,20,000 எண்கள். 1953இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 650இன் பரவலான வடிவத்தில் காந்த உருளை 2,000 சொற்களையே தாங்கியது. சீராக்க முறையிலோ பொருளுக்கு ஒரே எண் போதும்: சென்ற மாதக் கணிப்பு. புதிய விற்பனை வந்ததும் அதைத் திருத்திவிட்டுப் பழையதை அழித்துவிடலாம்.

கார்ட்னரின் அந்த வரிக்கு அப்பால் இதற்கு நேரடிச் சான்று மெலிவானதே. எண்களைக் குறைவாகச் சேமித்தால் போதும் என்பதைப் பாடநூல்கள் நன்மைகளுள் ஒன்றாகத்தான் சொல்கின்றன, முதற்காரணமாக அல்ல. ஆயினும் சார்ல்ஸ் ஹோல்ட்டைப் பாருங்கள். கார்னெகி தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து 1957இல் அவர் எழுதிய குறிப்பறிக்கை பிரவுனைச் சாராமல் இதே வகைக் கணக்கை அடைந்தது. அங்கே நீர்மூழ்கி இல்லை. உற்பத்தியும் இருப்பும்தான் இருந்தன. இருவருக்கும் கடற்படை ஆதரவு இருந்தது என்று மறுக்கலாம். ஆனால் ஆதரவு பணத்தைத் தரும், சூத்திரத்தின் வடிவத்தைத் தராது. இருவரையும் ஒரே வடிவத்துக்குத் தள்ளியது ஒரே நெருக்கடி என்றே கொள்கிறேன்.

அப்படியானால் சேமிப்பு மலிந்தபின் முறை மறைந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். 1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் 254 வரிசைகளும் 63 நிரல்களும் தந்தது; ஒரு பொருளின் இருபதாண்டு மாத விற்பனையும் அதில் அடங்கும். முறை மறையவில்லை. இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள வரியை மட்டுமே கேட்கிறது. ஒருமுறை எழுதிக் கீழே நகலெடுத்தால் போதும். நினைவகப் பஞ்சத்துக்காக வந்த சிக்கனம் கட்டங்களின் அமைப்புக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

இனி, நான் கண்ட பாடபேதம். சூத்திரத்தை இருவகையில் எழுதலாம். பழைய கணிப்போடு பிழையின் ஒரு பங்கைக் கூட்டுவது ஒன்று. விற்பனைக்கு ஒரு பங்கும் பழைய கணிப்புக்கு எஞ்சிய பங்கும் தருவது மற்றொன்று. இயற்கணிதத்தில் இரண்டும் ஒன்றே. விற்பனைக்கான பங்கே சீராக்க மாறிலி, அதாவது ஆல்ஃபா. எக்செலின் அனாலிசிஸ் டூல்பாக்கில் உள்ள சீராக்கக் கருவி கேட்பது ஆல்ஃபாவை அன்று. ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்த 'டேம்பிங் ஃபேக்டர்' என்ற எண்ணை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் 0.3 என்று எடுத்துக்கொள்கிறது. இதே கருவிக்கான உதவிப் பக்கமோ 0.2 முதல் 0.3 வரையான சீராக்க மாறிலி ஏற்றது என்றும், முந்தைய பிழையில் 20 முதல் 30 விழுக்காடு திருத்தப்படும் என்றும் விளக்குகிறது. ஆனால் கருவி கட்டத்தில் எழுதிவைக்கும் சூத்திரம், 0.7 பங்கு விற்பனையும் 0.3 பங்கு பழைய கணிப்பும். திருத்தம் 70 விழுக்காடு.

இதை அச்சுப்பிழை போல ஒதுக்கிவிட முடியாது. கணிப்பு 100, விற்றது 160 என்றால், உதவிப் பக்கத்தை நம்பியவர் அடுத்த மாதத்துக்கு 118ஐ எதிர்பார்ப்பார்; திரையில் 142 வரும். 0.3 ஆல்ஃபா ஏறத்தாழ ஐந்தரை மாத நகரும் சராசரிக்கு நிகர், 0.7 இரண்டு மாதத்துக்கும் குறைவு. 0.7 என்றால், ஒரு திருவிழா மாதத்தின் எழுச்சியை அடுத்த மாதக் கொள்முதல் ஆணை பெருமளவு திருப்பிச் சொல்லும். ஏற்ற இறக்கம் தற்செயலாக மட்டுமே இருந்து, சராசரித் தேவை மாறாத பொருளுக்கு, கணிப்புப் பிழையின் பரவற்படி இரண்டை, இரண்டு கழித்தல் ஆல்ஃபாவால் வகுத்த விகிதத்தில் பெருகும். அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், அதே சேவை அளவுக்கு 0.7க்காரர் சுமார் 14 விழுக்காடு கூடுதல் பாதுகாப்பு இருப்பை வைக்க வேண்டும். அந்தச் சரக்குக்கு முதலும் வட்டியும் கிடங்கு இடமும் வேண்டும். தேவை சட்டென்று இடம்மாறும் புதுமோஸ்தர்ப் பொருளுக்கு 0.7 பொருந்தலாம், எனினும் அது அறிந்து எடுக்க வேண்டிய முடிவு, வெறுமையாக விட்ட கட்டம் எடுக்க வேண்டியதன்று.

இந்த 0.3 வேண்டுமென்றே வைக்கப்பட்டதா, இரண்டு பாடங்களைக் கலந்ததால் நேர்ந்ததா? உதவிப் பக்கத்தின் எண்ணும் இயல்புநிலை எண்ணும் ஒன்றாயிருப்பது கலப்பையே காட்டுகிறது என்பது என் கருத்து. உறுதியாகச் சொல்ல அது போதாது. எக்செல் 2016இல் சேர்ந்த 'ஃபோர்காஸ்ட்.ஈடிஎஸ்' ஆல்ஃபாவைத் தானே தேடிக்கொள்கிறது, துணைச் செயற்கூற்றின் வழி அதைக் காட்டவும் செய்கிறது. பழைய கருவியும் அருகிலேயே இருக்கிறது. ஒரே விற்பனைப் பட்டியலை இரண்டிலும் இட்டு எண்களை ஒப்பிடுவது எளிது.

என் வாதத்துக்குள்ளேயே ஒரு தேதி தீராமல் நிற்கிறது. பிரவுன் நீர்மூழ்கியின் தொடர் அளவிலிருந்து மாத எண்களுக்கு மாறிய காலத்தைக் கார்ட்னர் '1950களின் தொடக்கம்' என்றே தருகிறார். அது 1953க்கு முந்தியதானால் ஐபிஎம் 650ஐக் காரணமாகக் காட்ட முடியாது. அப்போது 80 நிரல் துளையட்டையின் மீதுதான் வாதத்தை ஊன்ற வேண்டும். மாதத்துக்கு நான்கு இலக்கம் என்றாலும் 12 மாதங்கள் 48 நிரல்களை விழுங்கும். பொருள் எண், கையிருப்பு, ஆணையிட்ட அளவு, விலை எல்லாம் எஞ்சிய 32இல் அடங்க வேண்டும்.