டிப்ளிக்கு முன்னரே: பெண் குருத்துவம் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1994 நவம்பர் 10-ஆம் நாள் ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'டிப்ளியின் விக்கர்' என்பது அதன் பெயர். டிப்ளி என்பது கற்பனைக் கிராமம். அங்கு நெடுங்காலம் ஊழியம் செய்த முதிய குருவானவர் ஆராதனை வேளையிலேயே உயிர் நீக்கிறார். அவரிடத்துக்குப் புதியவர் வருவார் எனக் கிராம சபையார் காத்திருக்கின்றனர். வந்து நிற்பவரோ ஒரு பெண். ஊர்ப் பெரிய மனிதராகிய டேவிட் ஹார்ட்டன் முகம் சுளிக்கிறார். ஏனையோர் ஒவ்வொருவராய் அவ்வம்மையார் பக்கம் சாய்கின்றனர். ரிச்சர்ட் கர்ட்டிஸும் பால் மேஹியூ ஆர்ச்சரும் எழுதிய இத்தொடரில் டான் ஃப்ரெஞ்ச் என்னும் நடிகை ஜெரால்டைன் கிரேஞ்சர் என்னும் குருவாக நடித்தார். விட்டுவிட்டு 2007 வரை அது ஒளிபரப்பாயிற்று.

இறையியல் இதழில் ஒரு சிரிப்புத் தொடருக்கு என்ன வேலை என வாசகர் கேட்கக்கூடும். நமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், திருச்சபை வரலாற்று வகுப்பில், இத்தொடரைக் கண்டு மகிழ்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இங்கிலாந்தில் கிராமத்துக்கே பெண் குருவானவர் வந்துவிட்டார். நம் நாட்டுத் திருச்சபை அந்நிலையை எட்ட இன்னும் எத்தனை காலம் ஆகும்?" என வினவினார். வகுப்பு அமைதியாயிருந்தது. அக்கேள்வி பிழையானது என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றாததே நம்மை வருத்தியது. வரலாற்றைக் கற்பிக்கும் நம்மீதும் அக்குற்றம் சாரும்.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்கலாமெனத் தீர்மானித்தது 1992 நவம்பர் 11-இல். பொதுநிலையினர் அவையில் இரண்டே வாக்குகள் குறைந்திருப்பின் அத்தீர்மானம் வீழ்ந்திருக்கும். முதற்பெண்கள் 32 பேர் பிரிஸ்டல் பேராலயத்தில் 1994 மார்ச் 12-இல் திருநிலைப்படுத்தப்பட்டனர். எட்டு மாதங்களுக்குப் பின் டிப்ளி தொடங்கிற்று. ஆங்கிலேயர் வாய்விட்டுச் சிரித்ததற்கு அப்புதுமையும் ஒரு காரணம். தென்னிந்தியத் திருச்சபையிலோ 1980களிலேயே பெண்கள் குருக்களாகத் திருநிலை பெற்று நற்கருணைப் பந்தியில் நின்றனர். அவ்வாறு திருநிலை பெற்றவருள் ஒருவரான புஷ்ப லலிதா அம்மையார் 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் முதற்பெண் பேராயர் லிபி லேன் அபிஷேகம் பெற்றது 2015 ஜனவரியில். கான்டர்பரி அத்தியட்ச ஆசனத்துக்கு சாரா முல்லாலி அம்மையாரின் பெயர் அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபரில். ஆகவே யார் யாரை எட்ட வேண்டும் என்பது மாணவர் எண்ணியதற்கு நேர்மாறானது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வரலாறு நம் வாசலுக்கே வருகிறது. 1938 டிசம்பரில் அகில உலக மிஷனெரி மன்றம் தாம்பரத்தில் கூடியது. முதலில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் கூடுவதாயிருந்தது. ஜப்பானியப் படையெடுப்பினால் இடம் மாறிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டில் குடியேறி ஈராண்டுகூட நிறையவில்லை. 1931-இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலுக்குத் தாம்பரமே கடைசி நிலையம். அதற்கப்பால் ஏரியும் வயலும் பனையும். அங்கே அறுபத்தொன்பது நாடுகளிலிருந்து 471 பேர் வந்து தங்கினர். ஜான் மாட் தலைமை வகித்தார்.

தாம்பரம் என்றவுடன் நமது மாணவர்கள் ஹென்ட்ரிக் கிரேமரையும், அவரை எதிர்த்த செஞ்சையா, சக்கரை முதலியோரையும் சொல்வர். தேர்வுத்தாளிலும் அதுவே வருகிறது. ஆனால் சீனப் பிரதிநிதிக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஒரு பெண் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் நான்கிங் நகரத்து ஜின்லிங் கல்லூரியின் தலைவர் வூ யி-ஃபாங். 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்ட நான்கு பெண்களுள் அவரும் ஒருவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து மினா சோகா என்னும் ஆசிரியை வந்திருந்தார். கருத்தரங்கப் பந்தலில் இவர்கள் பேசலாம், விவாதிக்கலாம், தங்கள் நாட்டுத் திருச்சபையின் சார்பில் உலகத்தோடு உரையாடலாம். அப்பத்தைப் பிட்கும் உரிமை மட்டும் ஆங்கிலிக்கன் ஒழுங்கில் அவர்களுக்கு இல்லை. அன்றைய தாம்பரம் இம்முரண்பாட்டை உரத்துப் பேசவில்லை.

பேச்சைவிடத் தேவை முந்திக்கொண்டது. போரினால் குருமார் வரவியலாத மக்காவ் நகரத்துச் சபைக்கு நற்கருணை வழங்க, ஹாங்காங் பேராயர் ஹால் 1944 ஜனவரி 25-இல் லீ டிம்-ஒய் என்னும் உதவிக்குருப் பெண்மணியைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். தாம்பரம் மாநாடு முடிந்து ஆறாண்டுகள்கூட ஆகவில்லை. ஆங்கிலிக்கன் உலகின் முதற்பெண் குரு அவரே. போர் ஓய்ந்தபின் எதிர்ப்பு வலுத்தது. 1946-இல் அவர் குருப்பணி உரிமத்தை ஒப்படைத்து ஒதுங்கினார். பசித்த நாளில் ஏற்ற கையை நிறைவான நாளில் தள்ளினர் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் நடந்தது அதுதான். ஹாங்காங்கில் மீண்டும் பெண்கள் குருத்துவம் பெற 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மிடையேயோ, 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய திருச்சபை ஐக்கியப் பேச்சுவார்த்தை 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. அவ்விருபத்தெட்டாண்டுகளின் விவாதப் பாரமெல்லாம் வரலாற்று ஆயர்த்துவத்தின்மேல் விழுந்தது. அதைச் சுமக்கவே தோள் போதவில்லை. பின்னர் 1952-இல் சகோதரி கேரல் கிரஹாம் தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரிகள் சங்கத்தைத் தொடங்கினார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்ற சாரா சாக்கோ அம்மையார் 1951-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண் அவர். மேலே இவ்வாறு வளர்ச்சி நிகழ்ந்தது.

கீழே, கிராமத்தில், வேறொரு வரலாறு இருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் டிப்ளிக்கு ஒப்பானது நம்மிடம் அதுவே. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் ஒரு பெண்ணை மையமாகக் கொண்டு எழுந்த சபைக்குப் பாளையங்கோட்டையே சான்று. பிராமண விதவையாகிய குளோரிந்தாள் அம்மையார் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட நாற்பது பேர் கொண்ட சபைப் பட்டியலில் அவர் பெயர் உண்டு. அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்ஸ் 1785-இல் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதனை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கின்றனர். நிரந்தர உபதேசியார் வருமுன் சபையைக் கூட்டிச் சேர்த்தவர் அவரே. அவரை ஒருவரும் ஆயர் எனவில்லை.

செங்கற்பட்டுப் பகுதியில் கதை எளியது. ஆட்சியர் ட்ரமென்ஹீர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் முதலிய குடியேற்றங்களை அமைத்ததும் நம் வாசகர் அறிந்தவை. அக்காலச் சபைகளில் வேதாகமப் பெண்மணிகள் செய்த பணி குறிப்பேடுகளில் ஓரிரு வரியாகவே நிற்கிறது. களையெடுப்பு முடிந்து பெண்கள் வீடு திரும்பும் மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து வேதம் வாசித்தவர், எழுத்தறிவித்தவர், பிரசவ வீட்டில் ஜெபித்தவர், துக்க வீட்டில் முதலில் போய் நின்றவர் அவர்தாம். சேகரத்துப் போதகர் பல கிராமங்களுக்கு ஒருவர். மாதம் ஒருமுறை மாட்டு வண்டியிலோ மிதிவண்டியிலோ வந்து திருவிருந்து நடத்திப் போவார். மேய்ப்புப் பணியில் பெரும்பங்கு அப்பெண்மணியுடையது. பெயர் மட்டும் அவருடையதன்று.

பெயரைப்பற்றிச் சொல்லுகையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. டிப்ளித் தொடரின் தொடக்க இசை ஹவர்டு குட்டால் அமைத்த இருபத்துமூன்றாம் சங்கீதம், மேய்ப்பரின் பாட்டு. நாமும் போதகரை ஆயர் என்கிறோம். ஆயர்க்குப் பெண்பால் ஆய்ச்சியர் எனச் சிலப்பதிகாரம் படித்தவர் சொல்வர். ஆயினும் ஒரு பெண் போதகரை 'ஆய்ச்சி' என விளிக்க யாருக்கு நா எழும்? 'ஆயரம்மா' என்பதோ முன்னரே ஆயரின் மனைவிக்கு உரித்தாகிவிட்டது. பழைய வழக்கில் ஐயர், ஐயரம்மா. குருத்துவம் பெற்ற பெண்ணுக்கு நம் மொழியில் இடம் இல்லாமலில்லை. அவ்விடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். ரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்துப் பெபேயாளின் நிலையும் அத்தகையதே. கிரேக்கத்தில் அவளுக்குரிய சொல் பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் சபை அலுவலர்க்கு வரும் சொல்லேயாம். நம் பழைய திருப்புதலில் அங்கே 'உதவிக்காரர்' என்று பதவியாகவும், பெபேயாளிடத்தில் 'ஊழியக்காரி' என்றும் நிற்கிறது. மொழிபெயர்த்தவர் வஞ்சித்தார் என்பதன்று. கேட்பவர் செவி அவ்வாறு பழகியிருந்தது.

இனி நம் சொந்தக் குறிப்பு ஒன்று. இதை எழுதத் தயங்கினோம்.

நம்மோடு இறையியல் பயின்ற சகோதரி ஒருவர் திருநிலை பெற்றபின், தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஏரிப்பாசனக் கிராமங்கள் சிலவற்றைக் கொண்ட ஒரு குருசேகரத்துக்கு அனுப்பப்பட்டார். தேர்வுகளில் நம்மை முந்தியவர். எபிரேயத்தில் நமக்குக் கைகொடுத்தவர். சபையார் அவரை அன்போடே ஏற்றனர். பிரசங்கத்தைப் பாராட்டினர். முதலாம் திருவிருந்து ஞாயிறன்று முன் வரிசைக் குடும்பங்கள் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்புச் சொல் ஒன்றுமில்லை; எழுந்திருக்கவில்லை, அவ்வளவே. பின்னர் சேகரக் கமிட்டிப் பெரியவர் இருவர் நம்மிடம் வந்தனர். "அம்மா மேல் எங்களுக்கு ஒரு குறையுமில்லை. பந்திக்கு மட்டும் மாதம் ஒரு ஞாயிறு ஐயா வந்து போனால் சமாதானமாயிருக்கும்" என்றனர். நாம் இசைந்தோம். சமாதானம் நல்லது என எண்ணினோம். மூன்று மாதங்கள் சென்றோம். அவர் ஜெபங்களை நடத்தினார். நாம் பந்தியில் நின்றோம். அவரும் வந்து முழந்தாளிட்டு நம் கையிலிருந்து அப்பத்தைப் பெற்றார்.

மூன்றாம் முறை ஆலயத் தாழ்வாரத்தில் அவர் நம்மிடம் சொன்னது இது: "அண்ணா, நீங்கள் வராதிருந்தால் அவர்கள் பசித்தாவது என்னிடம் வந்திருப்பார்கள். நீங்கள் வந்து அந்தப் பசியை ஆற்றிவிடுகிறீர்கள்."

அடுத்த மாதம் நாம் செல்லவில்லை. பெரியவர்களுக்குக் காரணத்தைக் கடிதத்தில் எழுதினோம். அவர்கள் பதில் எழுதவில்லை. இரண்டு திருவிருந்து ஞாயிறுகள் முன் வரிசை அசையாமலே கழிந்தது. மூன்றாவதில், மருமகளின் பிரசவத்தின்போது இவ்வம்மையார் இரவெல்லாம் மருத்துவமனையில் உடனிருந்த ஒரு மூதாட்டி, முன் வரிசையிலிருந்து கோலூன்றி எழுந்து வந்தாராம். அவருக்கு வழி விடவேண்டி அருகிருந்தோர் எழுந்தனர். எழுந்தவர் திரும்ப அமரவில்லை. இரண்டு குடும்பங்கள் மட்டும் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்கள் இன்றளவும் திரும்பவில்லை.

டிப்ளியில் ஒரு மாலை வேளைக்குள் தீர்ந்த வழக்கு இங்கே அரையாண்டுக்கு மேல் நீடித்தது. நகைச்சுவை ஆசிரியர் அதற்குப் பொறுப்பல்லர். அவர்க்கு அரைமணி நேரமே உண்டு. தொடரில் ஒன்று உண்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது எனக் கருதுகிறோம்: அக்குருவம்மாளை ஏற்கச் செய்தது வாதமன்று, வீடு வீடாகச் சென்று அமர்ந்ததே. ஆனால் டிப்ளியின் விக்கருக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து உதவ ஓர் ஆண் நண்பர் இருந்திருப்பின் கதை எப்படிப் போயிருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அவ்வம்மையார் ஐந்தாண்டுகள் அங்கிருந்து மாற்றலாகிச் சென்றார். அவருக்குப் பின் வந்தவர் ஆண். புதியவரின் மனைவியைப் பெரியோர் வழக்கம்போல் 'ஆயரம்மா' என அழைக்கக் கேட்ட சிறுவன் ஒருவன், "இந்த ஆயரம்மா எப்போது பிரசங்கம் செய்வார்கள்?" எனத் தன் பாட்டியைக் கேட்டானாம். முன் வரிசையிலிருந்து முதலில் எழுந்த மூதாட்டியே அப்பாட்டி.